நொடிக்கு 50 தடவை திறக்கும் கதவு!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம். ஒரு மோட்டார் சைக்கிள் அதைச் சுற்றி வருவதற்குள், அதன் என்ஜினில் உள்ள குட்டிக் கதவுகள் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிவிடும்! அவைதான் வால்வுகள்.

ஒரு வால்வு பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும். மற்றொன்று புகையை வெளியே விடும். திறப்பது 'கேம்' என்ற மேடுள்ள தண்டு. மூடுவது ஸ்பிரிங்.

என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும். இன்னும் விரட்டினால்? ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. வால்வு மூடுமுன் பிஸ்டன் வந்து மோதலாம். அப்புறம் என்ஜின் பாழ்!

பந்தய வண்டியில்...

பந்தய வண்டிகளில் கெட்டியான ஸ்பிரிங்கும் எடை குறைந்த வால்வும் போடுகிறார்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தட்டைக்கூட டைட்டேனியம் உலோகத்தில் செய்வதுண்டு. எடை குறைந்தால் சட்டென்று மூடும் அல்லவா?

புல்லட் மாறிய கதை

சென்னையில் 1955-ல் கால் ஊன்றிய புல்லட்டில், கேம் கீழே இருந்தது. நீண்ட கம்பிகள் வழியாக அது வால்வைத் திறந்தது. 2023-ல் வந்த புதிய புல்லட் 350-ல் அந்தக் கம்பிகள் இல்லை. கேம், வால்வுக்குப் பக்கத்தில் மேலேயே ஏறிவிட்டது!

ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் போதுமா? போதாது. அளவு மீறினால் கேம் தேய்ந்துவிடும். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

வேகம் காட்ட இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பந்தயத் திடல் இருக்கிறது. கிரிவலப் பாதையிலோ மக்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். அங்கே மெதுவாகப் போவதே அழகு!