மால்ட்டன் ஏரோப்ளேனும் எம்-1 பேப்பரும்

போன வாரம் சித்தி பையன் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணினான். இன்ஜினியரிங் முதல் வருஷம். "அண்ணா, இந்த ஐகன் வேல்யூ எல்லாம் வேலைக்குப் போனா எங்கயாச்சும் யூஸ் ஆகுமா, இல்ல எம்-1 பேப்பரை க்ளியர் பண்றதோட சரியா?"

நம்ம எல்லாரும் கேட்ட கேள்விதான். மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ், லாம்டா போட்டு டிடர்மினன்ட், முப்படிச் சமன்பாடு, பதினாறு மார்க். அது எதுக்குன்னு எனக்கு வாத்தியார் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனா மிசிசாகாவில் உட்கார்ந்துகிட்டு இந்தக் கேள்விக்கு மழுப்பலா பதில் சொல்ல முடியாது. அதுக்கான பதில் இதே ஊர்ல, பியர்சன் விமான நிலையத்தோட வடக்கு ஓரத்துல கிடந்தது. இந்தியாவிலிருந்து பெட்டியோட வந்து இறங்கின நாம எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கோம்.

அந்தப் பகுதிக்குப் பேர் மால்ட்டன். 1950-களில் அங்கே ஆவ்ரோ கனடா என்ற விமானத் தொழிற்சாலை இருந்தது. அவங்க செஞ்ச போர்விமானம் ஆவ்ரோ ஆரோ. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வட துருவம் வழியா வந்தா பாதியிலேயே மறிக்கணும். அதுக்காக ஒலியைவிட வேகமா, 50,000 அடி உயரத்தில் பறக்கணும். முக்கோண இறக்கை, ரெண்டு இன்ஜின். 1957 அக்டோபர் 4 அன்று வெளியே கொண்டு வந்து ஊருக்குக் காட்டினாங்க. அன்னிக்குன்னு பார்த்து சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிடுச்சு. மறுநாள் பேப்பர்ல யாருக்கு முதல் பக்கம்னு சொல்லவே வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு விமானம் நேரா போயிட்டிருக்கு. லேசா ஒரு காத்து மூக்கை இடதுபக்கம் தள்ளுது. அடுத்து என்ன ஆகும்? வால்ல நிமிர்ந்து நிக்கற செங்குத்து இறக்கை, காற்றாடிக்கு வால் மாதிரி, மூக்கைத் திருப்பி நேராக்கும். நேரானதும் நிக்காது, வலதுபக்கம் கொஞ்சம் தாண்டும், திரும்ப வரும். கூடவே இறக்கைகளும் மேலும் கீழுமா சாயும். இந்த ஆட்டத்துக்கு 'டச்சு ரோல்'னு பேர். பனிக்கட்டி மேல ஸ்கேட்டிங் போறவங்க இடுப்பை ஒடிச்சு ஒடிச்சுப் போவாங்களே, கிட்டத்தட்ட அந்த ஆட்டம்.

இதை எழுதினா நாலு மாறிகள்: பக்கவாட்டுச் சறுக்கல், உருளும் வேகம், மூக்கு திரும்பும் வேகம், சாய்வுக் கோணம். நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ். அதுக்கு நாலு ஐகன் வேல்யூ. ரெண்டு சாதா எண், ரெண்டு ஜோடியா வர்ற காம்ப்ளெக்ஸ் எண். அந்த ஜோடிதான் டச்சு ரோல். அதோட மெய்ப்பகுதி மைனஸா இருந்தா ஆட்டம் தானா அடங்கும். ப்ளஸ்ஸா இருந்தா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசாகும். உதாரணத்துக்கு நானே ஒரு எண் போடறேன்: ப்ளஸ் 0.35-ன்னு வெச்சுக்குங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ஆட்டம் இரட்டிப்பாகும். பத்து செகண்டுல 32 மடங்கு. பைலட் "என்னமோ ஆடுதே"ன்னு நினைக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிடும். ஆக, அந்த எண்ணோட மூணாவது தசம ஸ்தானம் இல்லை, முன்னாடி நிக்கற சின்னக் கோடுதான் ஆளைக் காப்பாத்துது. பரீட்சையில அதுக்கு அரை மார்க் :-)

சைடுல ஒரு தகவல். நாலாம்படிச் சமன்பாட்டைத் தீர்க்காமலேயே அந்த மைனஸ் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச மக்களுக்கு அந்த டேபிள் போட்டுக் கை வலிச்சது ஞாபகம் இருக்கும். ரூத்-ஹர்விட்ஸ். அந்த எட்வர்ட் ரூத் 1831-ல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர்! சின்ன வயசுலேயே இங்கிலாந்து போயிட்டார். 1854-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் அவர் முதல், ரெண்டாவது வந்தது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஸ்திரத்தன்மை பற்றிய கட்டுரைக்கு 1877-க்கான ஆடம்ஸ் பரிசு. அப்போ விமானமே கிடையாது. 1911-ல் ஜி.எச். பிரையன் விமானத்துக்கான சமன்பாடுகளை எழுதினப்போ ரூத்தோட வழி தயாரா இருந்தது.

ஆரோவோட சிக்கல் என்னன்னா, ஒலியைத் தாண்டினதும் வேகம் ஏற ஏற வால் இறக்கையோட பிடிமானம் குறையுது. உயரத்தில் காத்தும் மெலிசு, அதனால ஆட்டத்தை அடக்கற சக்தியும் கம்மி. வாலைப் பெருசாக்கினா எடை கூடும், இழுவை கூடும், வேகத்துல வளையவும் செய்யும். மால்ட்டன் ஆளுங்க எடுத்த முடிவு அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சல். வால் இந்த அளவுலேயே இருக்கட்டும். விமானம் ஆட ஆரம்பிச்சதும் கருவி அதை உணர்ந்து, பைலட்டைக் கேட்காமலேயே சுக்கானை அசைச்சு அடக்கட்டும். அதாவது, மேட்ரிக்ஸ்ல ஒரு கட்டத்தில் இயற்கை எழுதின எண் பிடிக்கலைன்னு, மின்சாரத்தை வெச்சு அதை மாத்தி எழுதறாங்க. எண் மாறினா ஐகன் வேல்யூ நகரும். இதைத்தான் இன்னிக்கு கன்ட்ரோல் தியரியில் 'போல் பிளேஸ்மென்ட்'னு ஜாலியா ஒரு வரி கமாண்டில் செய்யறோம். அங்கே அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான். அதனால மூக்கைத் திருப்பும் அச்சுக்கு மட்டும் உபரியா ஒரு அவசர ஏற்பாடும் வெச்சாங்க.

சித்தி பையனுக்கு நான் முக்கியமா சொன்னது அடுத்த விஷயம். பரீட்சையில மேட்ரிக்ஸைக் கொடுத்துடுவாங்க. வேலையில யாரும் கொடுக்க மாட்டாங்க. அந்தப் பதினாறு கட்டத்தில் என்ன எண் வரும்? காத்துச் சுரங்கத்தில் மாதிரி வெச்சு அளக்கலாம். அதுவும் போதலை. அதனால எட்டில் ஒரு பங்கு அளவு மாதிரிகளை நைக்கி ராக்கெட் மேல வெச்சு ஏவினாங்க. மொத்தம் பதினொண்ணு. ஒன்பது ஒன்டாரியோ ஏரிக்கு மேல, பாயின்ட் பீட்டர் என்ற இடத்திலிருந்து. ரெண்டு அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில். மாதிரி பறக்கும் கொஞ்ச நேரத்துக்குள் அளவுகளை ரேடியோவில் அனுப்பும், அப்புறம் தண்ணிக்குள்ள போயிடும்.

இந்த மாதிரி அளவுகள் கைக்கு வந்தா கணக்கு தலைகீழாப் போகும். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்னு பார்த்தா வாலோட பிடிமானம் தெரியும். ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு பார்த்தா அடக்கும் சக்தி தெரியும். விடையிலிருந்து கேள்வியைக் கண்டுபிடிக்கற வேலை. நான் இப்போ கோ-ஆப்ல வேலை பார்க்கற இடத்திலும் பாதி நேரம் இதுதான் நடக்குது: ஒரு மெஷின் அதிருது, சென்சார் ஒட்டி அளக்கறோம், எந்தச் சமன்பாடு இப்படி அதிரும்னு பின்னாடியே நடந்து போறோம். சமன்பாட்டை கம்ப்யூட்டர் அரை நொடியில் தீர்த்துடும். எந்த எண்ணை நம்பறதுன்னு அது சொல்லாது.

1958 மார்ச் 25-ம் தேதி, போலந்திலிருந்து வந்த யானுஷ் ஜுராகோவ்ஸ்கி ஆரோவை முதல்முறை ஓட்டினார். 35 நிமிஷம். பத்திரமா இறங்கினார். ஒலியைப்போல் 1.9 மடங்குக்கு மேல் வேகம் அந்த வருஷமே தொட்டாச்சு.

1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, டீஃபன்பேக்கர் அரசு திட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. ஆவ்ரோவில் மட்டும் 14,000-க்கும் மேல ஆட்களுக்கு வேலை போச்சு. அதுவும் அன்னிக்கே. ஏன் ரத்து, சரியா தப்பான்னு கேட்டா இந்த ஊர் பெருசுங்க இன்னிக்கும் டிம் ஹார்ட்டன்ஸ்ல சண்டை போடுவாங்க, அதுக்குள்ள நான் போகலை. எனக்கு ஆறவே ஆறாதது வேற: பறந்த அஞ்சு விமானங்களையும், கிட்டத்தட்ட தயாரா இருந்த ஆறாவதையும் வெட்டிப் போட்டாங்க. வரைபடங்களையும் அழிச்சாங்க.

கணக்குப் போட்ட ஆட்கள் மட்டும் மிச்சம். அதே ஏப்ரலில் நாசா இருபத்தஞ்சு பேரைக் கொத்தா அள்ளிக்கிட்டது. அப்புறம் இன்னும் சிலர், ஆக முப்பத்திரண்டு. ஆவ்ரோவில் தொழில்நுட்ப வடிவமைப்புக்குத் தலைவரா இருந்த ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத் திட்டத்தை நடத்தினார். ஓவன் மேய்னார்ட் அப்பல்லோவில் சந்திரனில் இறங்கும் கலத்துக்கான பொறியியல் பிரிவைப் பார்த்துக்கிட்டார். விண்கலமா இருந்தாலும் ஆட்டம் ஆட்டம்தானே, மைனஸ் மைனஸ்தானே!

மால்ட்டன் தொழிற்சாலை பல கை மாறி, கடைசியா போயிங் கையில் இருந்து, 2005-ல் மூடினாங்க. கட்டடமும் இப்போ இல்லை. ஏரிக்குள்ள போன மாதிரிகளைத் தேடிக்கிட்டே இருந்தாங்க. 2017-ல் ஒண்ணு கண்ணுல பட்டு, 2018-ல் மேலே எடுத்தாங்க. முழு ஆரோ மாதிரி இல்லை, அதுக்கும் முந்தின சின்னச் சோதனை மாதிரி. ஆறாவது விமானத்தோட மூக்குப் பகுதி ஒட்டாவா மியூசியத்தில் இருக்கு.

அதைப் பார்க்க மே மாச லாங் வீக்கெண்டுல ஒட்டாவா போகலாம்னு இருக்கேன். டொராண்டோ பக்க மக்கள் யாராவது கார் வெச்சிருந்தா சொல்லுங்கப்பா, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கலாம். புளியோதரை என் பொறுப்பு.