பிறந்த வீட்டுக்கே பூட்டு!

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் அடியில் ஓடுவது லினக்ஸ்.

லினக்ஸை எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டுக்காரர். 1991-ம் ஆண்டு, ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்தபோது எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். ஊர்ப் பொதுச் சொத்து மாதிரி!

அவர் எழுதியது "386" கம்ப்யூட்டரில். (386 என்பது அந்தக் கம்ப்யூட்டரின் மூளைக்குப் பெயர். இன்டெல் கம்பெனி 1985-ல் கொண்டு வந்தது.)

21 ஆண்டுகள் ஓடின. 2012 டிசம்பரில் ஒரு கேள்வி வந்தது. "386-ஐ விட்டுவிடலாமா?"

என்ன தொல்லை?

கம்ப்யூட்டரின் நினைவில் சில இடங்களுக்கு, "இங்கே எழுதாதே" என்று லினக்ஸ் பூட்டுப் போடும். 486-ம் அதற்குப் பின்னால் வந்தவையும் அந்தப் பூட்டை மதிக்கும். 386 அப்படி அல்ல. லினக்ஸே உள்ளே நின்று எழுதினால், பூட்டு இருந்தும் கதவு திறந்துகொள்ளும்! அதற்கென்று தனிக் காவல் போட வேண்டியிருந்தது.

இப்படி 386-க்காக எழுதியவை சுமார் 400 வரிகள். லினக்ஸ் முழுவதும் ஒரு கோடி வரிகளுக்கு மேல். 400 எம்மாத்திரம்? ஆனால் புதிதாக எதையாவது சேர்க்க வந்தவர்கள் அங்கேதான் இடறினார்கள்.

கலவை, ஆற்காடு பக்கத்தாருக்கு இது எளிதில் புரியும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் முன்பு ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. கொட்டகையின் நடுவில் பழைய பட்டைக்குழி ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். பத்துப் பேர் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மூடிவிடலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் ஒரே ஒரு பெரியவர் இன்னும் அதை வைத்துப் பிழைக்கிறார் என்றால்?

386-ம் அப்படித்தான். இன்டெல் அதை 2007 வரை செய்தது. எந்த ஆலையில், எந்த எந்திரத்துக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததோ!

பாசம் இல்லை!

அந்த வரிகளை நீக்கும் திருத்தத்தை அனுப்பியவர் ஹங்கேரி நாட்டு நிபுணர் இங்கோ மோல்னார். "நீங்கள் 1991-ல் வைத்திருந்த எந்திரத்தில் புது லினக்ஸ் இனி ஓடாதே!" என்று லினசுக்கு வருத்தத்தோடு எழுதினார்.

லினஸ் கலங்கவில்லை. தமக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது, தொலையட்டும் என்றார்! 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8-ம் லினக்சில் 386-க்கு இடம் இல்லை.

கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய 3.7-ஐ யாரும் அழிக்கவில்லை. 386 வைத்திருப்பவர் இன்றைக்கும் அதை எடுத்து ஓட்டலாம். காசு கிடையாது. பழுது வந்தால் மட்டும் அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவருக்குக் குழியை வேறு இடத்தில் வெட்டிக் கொடுத்த மாதிரி; தண்ணீர் அவர்தான் சுமக்க வேண்டும்.

2025-ல் அதே மோல்னார் இன்னொரு திருத்தம் அனுப்பினார். இந்தத் தடவை நீக்கச் சொன்னது 486-ஐ!