ஆகாயத்திலிருந்து ஒரு தரிசனம்

ஆடித் தபசு பார்க்கலாம் என்று சங்கரன்கோவிலுக்குப் போன இடத்தில் எனக்கு ஒரு பரீட்சை காத்திருந்தது. பரீட்சை வைத்தவர், நான் தங்கியிருந்த சிநேகிதியின் வீட்டு ஆச்சி. வயது எழுபதைத் தாண்டியாகிவிட்டது. கண் மட்டும் இருபது வயதுக் கண்!

"ஏன் தாயி, நீ பத்திரிகைக்காரியாச்சே, உனக்குத் தெரியும். இந்தக் கூடைக்குள்ளே நின்னுக்கிட்டு ஆகாசத்திலே போறாங்களே, என் வயசுக்காரியை அதிலே ஏத்துவாங்களா?" என்று கேட்டார்.

ஆச்சியின் கையில் பேரனுடைய செல்போன் இருந்தது. அதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது புலரும் வேளை. பஞ்சு போலப் பனி மூடிய சமவெளி. பனிக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் எண்ணற்ற செங்கல் கோபுரங்கள். அவற்றுக்கும் மேலே, சந்தடியே இல்லாமல் மிதந்து போகும் பெரிய பெரிய பலூன்கள்.

"இது பகான்" என்றார் ஆச்சி. "எங்க அப்பா என்னைக் கூட்டிப் போறேன்னு சொன்ன ஊரு."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆச்சி பிறந்தது ரங்கூனில். தகப்பனார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதி வந்தார். "அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1964-ஆம் வருஷம் பர்மா சர்க்கார் கடைகளையெல்லாம் தானே எடுத்துக்கொண்டது. பிழைக்க வழியற்றுப் போன இந்தியக் குடும்பங்கள் ஆயிரம் ஆயிரமாகக் கப்பலேறின. பத்து வயதுச் சிறுமியாக ஆச்சியும் ஏறினார். அந்த 'அடுத்த வருஷம்' வரவே இல்லை.

அப்படிப்பட்டவர் கேட்கிற கேள்விக்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு ஆச்சி?" என்று பதில் சொல்லிவிட முடியுமா?

நம்மவர் ஏற்றிய விளக்கு

பகான் என்பது ஐராவதி நதிக்கரையில் இருக்கும் பழைய ராஜதானி. 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரையில் அங்கே ஆண்ட அரசர்களும் குடிமக்களும் போட்டி போட்டுக்கொண்டு புத்தர் கோயில்களைக் கட்டினார்கள். பூகம்பமும் காலமும் தின்றது போக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. 2019-ஆம் வருஷம் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. பகானுக்கு அருகே மியின்கபா என்ற இடத்தில், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் ஊரின் பெயர் 'புக்கம்' என்று இருக்கிறது. வியாபாரம் செய்யப் போன நம்மவர்கள் அங்கே பெருமாளுக்கு ஒரு கோயில் வைத்திருந்தார்கள். அதற்கு நானாதேசி விண்ணகர் என்று பெயர். மலைமண்டலத்து மகோதையர் பட்டணத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து போன குலசேகர நம்பி என்பவர் அந்தக் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவும் போட்டு, நின்று எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் கொடுத்தாராம்.

இதைச் சொன்னபோது ஆச்சி செல்போனைக் கீழே வைத்துவிட்டார். "அவ்வளவு தூரம் போயும் விளக்கேத்த மறக்கலை பாத்தியா!" என்றார்.

காற்றுக்கும் எடை உண்டு

சரி, இந்தப் பலூன் எப்படித்தான் பறக்கிறது? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அடுப்புப் புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று லேசானது, அதனால் போகிறது. அதே சங்கதிதான்.

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டியில் அடங்கும் காற்று ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம் இருக்கும். அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே பெட்டியில் சுமார் 950 கிராம்தான் அடங்கும். பெட்டிக்குக் கால் கிலோ லாபம்! 3,000 பெட்டி அளவுள்ள பலூன் என்றால் சுமார் 750 கிலோ. பலூன் துணி, கூடை, எரிவாயு உருளைகள், அவற்றோடு நாலைந்து மனிதர்களையும் தூக்க அது போதும். இருபது பேரைத் தூக்கும் ராட்சசப் பலூன்களும் உண்டு.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸ் தேசத்தில் காகிதம் செய்து பிழைத்த மாண்ட்கோல்ஃபியர் சகோதரர்கள். 1783 செப்டம்பரில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் கூண்டில் வைத்து ராஜா முன்னிலையில் பறக்க விட்டார்கள். மூன்றும் சௌக்கியமாகத் திரும்பி வந்தன. அதே வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி பாரிஸில் இரண்டு மனிதர்கள் பறந்தார்கள்.

பெண்கள் எத்தனை காலம் பின்தங்கினார்கள் என்கிறீர்கள்? ஏழு மாதம் கூட இல்லை! 1784 ஜூன் 4-ஆம் தேதி, லியோன் நகரத்தில் எலிசபெத் திப்ல் என்ற பெண்மணி ஏறிவிட்டார். பயந்து கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆகாயத்தில் உல்லாசமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்.

நம் நாட்டுக்காரரும் சளைத்தவரல்ல. 2005 நவம்பர் 26-ஆம் தேதி பம்பாய்த் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா தமது 67-ஆம் வயதில், வெப்பக் காற்றுப் பலூனில் 21,027 மீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தார். "அறுபத்தேழா?" என்று ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூடையில் ஒரு மணி நேரம்

பகானில் 1999-ஆம் வருஷம் தொடங்கிய பலூன் சவாரி எப்படி இருக்கும்? நாமும் மனத்தினால் ஒரு கூடையில் ஏறிக்கொள்வோம்.

இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். பலூனுக்குப் பிடித்தது விடியற்காலைதான். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று கொதிக்கும் உலை மாதிரி புரளத் தொடங்கிவிடும். பைலட் முதலில் ஒரு சிறிய பலூனைப் பறக்க விட்டு, காற்று எந்த உயரத்தில் எந்தத் திசையில் போகிறதென்று பார்க்கிறார். பிறகு தரையில் விரித்த துணிக்குள் விசிறியால் காற்றை நிரப்புகிறார்கள். குப்பென்று தீ ஜுவாலை எழுகிறது. படுத்திருந்த பூதம் மெல்ல எழுந்து நிற்கிறது!

கூடைக்குக் கதவு கிடையாது. பக்கத்தில் கால் வைக்கத் துளைகள் இருக்கும். அதில் மிதித்துத்தான் ஏற வேண்டும். உலோகமும் பிளாஸ்டிக்கும் மலிந்த இந்தக் காலத்திலும் கூடையைப் பிரம்பில்தான் முடைகிறார்கள். தரையில் மோதினால் பிரம்பு வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

மேலே ஏறுவதே தெரியாது. நாம் அசையாமலே நிற்பது போலவும், பூமிதான் நழுவிக் கீழே போவது போலவும் இருக்கும். கன்னத்தில் காற்றுக்கூடப் படாது. காற்றோடு காற்றாக நாமும் போகும்போது எப்படிப் படும்? ஜுவாலை நின்ற நேரங்களில் ஒரே நிசப்தம். கீழே எங்கோ சேவல் கூவுவது கேட்கும்.

அப்போது சூரியன் எழுகிறான். ஆனந்தா கோயிலின் பொன் சிகரம் முதலில் பற்றிக்கொள்கிறது. தம்மயங்கி கோயில் சிறு குன்று மாதிரி பனிக்குள்ளிருந்து வெளிவருகிறது. பக்கத்தில் ஐராவதி வெள்ளித் தகடாய்க் கிடக்கிறது. தரையில் நின்று பார்த்தால் ஒரு கோயில் தெரியும். மேலே போனால் ஓர் ஊரே தெரியும். எந்தக் கோயிலை எதற்கு எதிரே வைத்தார்கள், பழைய கோட்டைச் சுவர் எது வரை ஓடியது என்பதெல்லாம் கோலப் புள்ளிகள் போல விளங்கும். சிகரத்தின் உச்சியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினையாமல், அங்கேயும் சிரத்தையாக வேலை செய்த கைகளின் அருமை அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது பக்கமும் உண்டு

ஆசை காட்டினால் மட்டும் போதாது. ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

எகிப்தில் லக்ஸர் என்ற ஊரிலும் விடியற்காலைப் பலூன் பிரசித்தம். நைல் நதி, ராஜாக்களின் சமாதிகள், ஹட்ஷெப்சுட் மகாராணியின் கோயில் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கலாம். அங்கே 2013 பிப்ரவரி 26-ஆம் தேதி, இறங்குகிற சமயத்தில் ஒரு பலூன் தீப்பிடித்தது. அதிலிருந்த 21 பேரில் 19 பேர் மாண்டார்கள்.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். திசையைத் தீர்மானிப்பது காற்று. ஆகவே, "இன்றைக்குக் காற்று சரியில்லை, பறக்க முடியாது" என்று தைரியமாகச் சொல்கிற பைலட்தான் நல்ல பைலட். கொடுத்த பணம் வீணாகிறதே என்று அவரோடு சண்டைக்குப் போகக் கூடாது. பணமும் கொஞ்சமல்ல, ஒருவருக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள். சமீபத்தில் எலும்பு முறிவோ அறுவைச் சிகிச்சையோ ஆனவர்களுக்கும் ஆகாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கத் தெம்பு வேண்டும். இறங்கும்போது முழங்காலை மடக்கி, கயிற்றுப் பிடியை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். சில வேளை கூடை தரையில் கொஞ்ச தூரம் இழுபட்டுச் சாய்வதும் உண்டு.

"முழங்கால்தான் கொஞ்சம்..." என்று ஆச்சி தம் காலைத் தடவிக்கொண்டார்.

நம் பக்கத்தில் உண்டா?

"அங்கே எதுக்குப் போகணும் ஆச்சி? நம்ம கோமதியம்மன் கோயில் கோபுரத்துக்கு மேலேயே பறந்தா என்ன?" என்று கேட்டான் பேரன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது நிலை ராஜகோபுரத்தை மேலிருந்து பார்க்க யாருக்கு ஆசையில்லை? ஆனால் அவன் கேட்டது ஆடி மாதம். மேற்கு மலைக் கணவாய் வழியே வரும் காற்று வாசல் கதவைப் படீரென்று அறைந்தது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டிருப்பது இந்தக் காற்றை நம்பித்தானே? காற்றாலைக்கு விருந்து, பலூனுக்கு விஷம்.

அதனால்தான் தமிழ்நாட்டில் பலூன் விழாவைத் தை மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். பொள்ளாச்சியில் 2015-ஆம் வருஷம் தொடங்கிய விழா அது. 2025 பொங்கல் சமயத்தில் சென்னைக்குத் தெற்கே திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. இத்தகைய விழாக்களில் பொதுஜனங்களைப் பெரும்பாலும் கயிற்றில் கட்டிய பலூனில்தான் ஏற்றுவார்கள். அதுவும் முதல் பாடத்துக்கு நல்லதுதான். பழைய கோட்டைகளின் மேலே விடியற்காலையில் பறக்க வேண்டுமென்றால் ஜெய்ப்பூர் பக்கம் போகலாம்.

"இதெல்லாம் இருக்கட்டும் ஆச்சி, பலூன் இல்லாமலே மேலிருந்து பார்க்கிற கோயில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. வருகிறீர்களா?" என்றேன்.

வெட்டுவான் கோயில்

மறுநாள் காலை கழுகுமலைக்குப் புறப்பட்டோம். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே மலையின் மேலே இருக்கும் வெட்டுவான் கோயில், 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் உருவானது. கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டியதல்ல. மலைப் பாறையை உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டே கீழே இறங்கியிருக்கிறார்கள். மற்றக் கோயில்களுக்குக் கடைசியில் வருவது சிகரம். இங்கே முதலில் பிறந்தது சிகரம்! அடிப்பாகம் முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது.

ஆச்சி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வழியாகப் பாறை விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார்.

விமானத்தின் உச்சி எங்கள் கண்ணுக்குக் கீழே இருந்தது. நந்திகளும், தேவர்களும், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் இளவெயிலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பை ஆடிக் காற்று பிடுங்கியது. ஆச்சி அதை இடுப்பில் செருகிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

ஆச்சியின் ஆசை இதோடு தீர்ந்துவிட்டது என்று நானும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்டதே!

கீழே இறங்கியதும் ஆச்சி கேட்டார்: "ஏலே, பாஸ்போர்ட்டு எடுக்க எத்தனை நாளாகும்?"

நாங்கள் திகைத்துப் போனோம்.

"மலை ஏறினேனா இல்லையா? அப்போ கூடையிலேயும் ஏறுவேன். ஒரு மணி நேரம் நிக்கணுமாமே! தபசுக் காட்சிக்குத் தெற்கு ரத வீதியிலே எத்தனை மணி நேரம் நின்னேன்னு நீங்க ரெண்டு பேரும் பாக்கலையா?"

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாட்டில் சண்டை ஓயவில்லை என்பதையும், இது உல்லாசப் பயணம் போகிற காலமல்ல என்பதையும் மெதுவாக எடுத்துச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சண்டை ஒரு நாள் ஓயாமலா போயிரும்? பாஸ்போர்ட்டை எடுத்து வச்சிருப்போம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த விளக்கு வச்ச கோயில் பேரு என்ன சொன்னே தாயி? ஒரு காயிதத்திலே எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.