முதிய டிரான்ஸ்பார்மரின் மறைமுகச் செலவு

ஆலையின் பின்புறத்து மேடைமீது பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் டிரான்ஸ்பார்மரைக் காண்போர், சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்த யந்திரம் எதை விரயம் செய்துவிடப் போகிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் தறிகளெல்லாம் ஓய்ந்துவிட்ட விடுமுறை நாளிலும், உயர் அழுத்தக் கம்பியோடு அது இணைந்திருக்கும்வரை, அதன் உள்ளகத் தகடுகளில் காந்தம் இடைவிடாது திசை மாறிக்கொண்டே இருக்கிறது; அம்மாற்றத்துக்கு இரும்பு காட்டும் தயக்கத்தாலும், தகடுகளுக்குள் எழும் சுழல் மின்னோட்டங்களாலும் உஷ்ணமாய்க் கழிந்துபோகும் சக்திக்கு இரும்பு நஷ்டம் என்று பெயர். அது 2 கிலோவாட்டே ஆனாலும், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 17,520 யூனிட் ஆகிவிடும். கம்பிச் சுருள்களில் நேரும் செம்பு நஷ்டமோ சுமையின் வர்க்கத்தை ஒட்டியது. பாதிச் சுமையில் அது கால் பங்காகக் குறைந்துவிடும்.

வயதானதால்தான் டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தை அதிகம் தின்கிறது என்னும் பேச்சு பாதி உண்மையே. ஆதிகாலத்து இரும்பு உஷ்ணத்தில் கிடந்து ஆண்டுக்காண்டு கெட்டது மெய்தான். இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்பீல்டு கண்ட சிலிக்கான் எஃகு அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. 1934இல் அமெரிக்காவின் நார்மன் காஸ் காப்புரிமை பெற்ற முறையில் படிகங்களை ஒரே திசையில் அமைத்த எஃகும், பின்னர் படிக அமைப்பே இல்லாத அமார்பஸ் உலோகமும் வந்து நஷ்டத்தை மேலும் குறைத்தன. ஆகவே பழைய யந்திரத்தின் குறை பெரும்பாலும் பிறவிக் குறை. தகடுகளிடையே காப்பு சிதைவதும், டேப் சேஞ்சர் தொடுமுனைகள் தேய்வதும், எரிந்த சுருளை மெல்லிய கம்பியால் திருப்பிச் சுற்றித் தரும் பட்டறைக்காரரின் சிக்கனமும் பிற்பாடு சேர்பவை.

இவ்விரு நஷ்டங்களையும் தனித்தனியே அளக்கலாம். ஒரு பக்கத்துச் சுருளைத் திறந்துவிட்டு, வழக்கமாகக் குறைந்த அழுத்தப் பக்கத்தில், உரிய வோல்டேஜை முழுமையாகச் செலுத்தினால் வாட்மீட்டர் காட்டுவது ஏறக்குறைய இரும்பு நஷ்டமே. அப்போது பவர் பேக்டர் மிகத் தாழ்ந்திருக்குமாதலால் சாதாரண வாட்மீட்டரை நம்புவதற்கில்லை. மறுசோதனையில் ஒரு பக்கத்தைக் குறுக்கிணைத்து, உரிய மின்னோட்டம் பாயுமளவுக்கு மட்டும் மறுபக்கத்தில் சிறு வோல்டேஜ் கொடுக்கப்படுகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறுவதால், சோதனை வேளையின் உஷ்ணநிலையைக் குறித்து 75 டிகிரிக்குத் திருத்திக் கணக்கிட்டாலன்றித் தொழிற்சாலைச் சான்றிதழோடு ஒப்பிடுவது வீண்.

குறைக்கும் வழிகளில் சில அதிகச் செலவற்றவை. வோல்டேஜ் தேவைக்கு மேல் இருப்பின் டேப்பைத் திருத்துவது இரும்பு நஷ்டத்தைத் தணிக்கும்; கெப்பாசிட்டர் அமைப்பது செம்பு நஷ்டத்தைத் தணிக்கும். ஒரே மாதிரியான இரு டிரான்ஸ்பார்மர்கள் இணைந்து இயங்குமிடத்தில், முழுச்சுமைச் செம்பு நஷ்டம் இரும்பு நஷ்டத்தைப்போல் 8 மடங்கானால், மொத்தச் சுமை ஒன்றன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் மற்றொன்றை அணைத்து வைப்பதே லாபம். ஆனால் அணைத்ததையே நெடுநாள் கிடக்கவிட்டால் ஈரம் ஏறும். முறைவைத்து மாற்ற வேண்டும்.

பிறவிக் குறைக்கு மட்டும் பரிகாரம் புதிய உள்ளகமே. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1180, விநியோக டிரான்ஸ்பார்மர்களுக்கு 50 சதவீதச் சுமையிலும் 100 சதவீதச் சுமையிலும் மொத்த நஷ்டத்துக்கு உச்சவரம்பு விதிக்கிறது. எரிந்ததைப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கு முன், இரு நஷ்டங்களையும் தனித்தனியே காட்டும் சோதனைச் சீட்டை உரிமையாளர் கேட்டு வாங்கி, பத்தாண்டு மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.