நாற்காலி எங்கே?

கடந்த தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி. எங்கள் ஊர் ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் அம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது புடவையாவது விரித்துப் போட்டிருப்பார், எடுத்துக் காட்டிய விற்பனையாளர் அக்கா. அடுத்ததை எடுக்கத் திரும்பியவர், அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி மற்ற காலின் கெண்டைச் சதையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா, நானே பிரிச்சுப் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"அய்யோ வேணாம்மா. சூப்பர்வைசர் கேமராவுல பார்த்துட்டா அவ்வளவுதான்."

காலை ஒன்பதரைக்கு வந்தவராம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததோடு சரி. இத்தனையும் அவர் சொன்னபோது, நான் குஷன் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்கா உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா, 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. வேலை நேரத்தில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர்கள் உட்கார்ந்துகொள்ளும் வகையில், எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. நாள் முழுக்க நிற்பதால் உடல்நலக் கேடுகள் வருகின்றன என்பதையும் காரணமாக அரசே எழுதி வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால், பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அதே ஊரில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி, வெளியே சொல்லக் கூசிய இந்த விஷயத்தை அந்தப் பெண்களிடம் பேசினார். 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய குரல், உட்கார இடம் கேட்கும் போராட்டமாக வளர்ந்தது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. பிரிட்டனில் 1899-லேயே, கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நாம் அங்கே வந்து சேர நூறாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நிற்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு உடம்பே பதில் சொல்லும். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு போல வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை மந்தமாகிவிடும். ரத்தம் தேங்கி, நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து, காலில் நீலமாகப் புடைத்துக்கொள்கிறதே, அதைத்தான் நரம்புச் சுருட்டு என்கிறோம். மூத்திரத்தை அடக்கி, தண்ணீரும் குடிக்காதவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். இதையெல்லாம் தவிர்க்க ஒரு கடைக்கு ஆகும் செலவு, சில ஸ்டூல்களின் விலை.

அப்படியும் ஸ்டூல் வராததற்குக் காரணம் ஒரு வாக்கியம்: 'கஸ்டமர் தப்பா நினைப்பாங்க.' உட்கார்ந்திருந்தால் சோம்பேறித்தனம், மரியாதைக் குறைவு என்று நாம் நினைப்போமாம். நம் பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். அப்படியென்றால் வாயைத் திறக்க வேண்டியவர்களும் நாம்தான். வேலை போய்விடும் என்ற பயம் அந்த அக்காவுக்கு உண்டு. நமக்கு என்ன பயம்?

ஆனால், கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. சில்லறைக்குக் கண்டக்டரிடமும், மோசமான அரிசிக்கு ரேஷன் கடை ஊழியரிடமும் சண்டை போட்டுப் பழகியவர்கள் நாம். கைக்கு எட்டியவர் மேல் பாய்ந்துவிட்டு, 'நறுக்குன்னு கேட்டுட்டேன்' என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் நேருக்கு நேர் கேட்பது. நிற்கும் பெண்ணை வீடியோ எடுத்துப் பரப்பினால் நமக்கு லைக் கிடைக்கும், அவருக்கு வேலை போகும். அவர் பெயரை இழுக்காமல் முதலாளியிடம் கேளுங்கள். அசையவில்லையென்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். 1100 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். 22-ஏ பிரிவின்படி உங்கள் ஊரில் எத்தனை கடைகளைச் சோதித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேள்வி போகிற இடத்தில் கோப்பு அசையும்.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு புதன்கிழமை அதே கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மாடியில் இருப்பவர்களுக்கு ஏன் ஸ்டூல் இல்லை என்று கேட்டேன்.

"கஸ்டமருங்க தப்பா நினைப்பாங்கம்மா."

"நானும் கஸ்டமர்தானே அண்ணாச்சி. பதினைந்து வருஷமா இங்கேதான் எடுக்கிறேன். அவங்க நிக்கிறதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமா இருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சட்டம் வந்ததே தெரியாது என்றார். பிரிவு எண்ணை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்குத் துணி எடுக்கப் போனபோது இரண்டாவது மாடியில் மூன்று ஸ்டூல்கள் இருந்தன. ஒன்றில் அந்த அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழப் போனவரை, தோளைத் தொட்டு அப்படியே இருக்கச் சொன்னேன். சுற்றிலும் எண்ணிப் பார்த்தேன். அந்த மாடியில் வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேர்.

இன்னும் ஐந்து வேண்டும். புடவையை எடுத்துக்கொண்டு கல்லாவை நோக்கி இறங்கினேன்.