தொகுதியைத் தொலைத்த தலைவர்

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் சபாநாயகருக்கு அடுத்த நாற்காலி பெரும்பான்மைக் கட்சித் தலைவருடையது. எந்த மசோதா எந்த நாளில் அவைக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர். 1899-இல் உருவான இந்தப் பதவியில் இருக்கும்போதே ஒருவர் தன் சொந்தக் கட்சிக்காரர்களால் தோற்கடிக்கப்படுவது 115 ஆண்டுகள் நடக்காத காரியமாக இருந்தது. 2014 ஜூன் 10 அன்று அது நடந்தது. தோற்றவர் வர்ஜீனியா மாநிலத்தின் 7-ஆவது தொகுதி உறுப்பினர், ரிபப்ளிகன் கட்சியின் எரிக் கேன்டர். நாடு முழுக்கப் பெயர் தெரிந்த அரசியல்வாதி சொந்த ஊரை மறந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எப்படி உருவாகிறது, அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அமெரிக்காவில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. 'பிரைமரி' எனப்படும் முன்தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியில் இருப்பவருக்கும் சீட்டு உறுதி கிடையாது. ஆனால் நடைமுறையில் பதவியில் இருப்பவர்கள் இங்கே தோற்பது அரிது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் தோற்பது அரிதிலும் அரிது. பணமும் பெயரும் அவர்கள் பக்கம் இருக்கும். எதிர்த்து நிற்க முன்வருபவர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாதவராக இருப்பார்.

கேன்டர் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். ஒன்பது ஆண்டுகள் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு 2000-இல் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். அதன்பிறகு அவருடைய ஏற்றம் வேகமானது. 2009-இல் சிறுபான்மைக் கட்சிக் கொறடா, 2011-இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். சக உறுப்பினர்களான பால் ரையன், கெவின் மெக்கார்த்தி ஆகியோருடன் சேர்ந்து 2010-இல் அவர் எழுதிய 'யங் கன்ஸ்' என்ற நூல், கட்சியின் அடுத்த தலைமுறை தாங்கள்தான் என்று அறிவித்தது. அடுத்த சபாநாயகர் அவர்தான் என்ற பேச்சு வாஷிங்டனில் சர்வசாதாரணமாக இருந்தது.

அந்த இடத்துக்கு வருவதற்கு நன்றாகப் பேசினால் மட்டும் போதாது. மற்ற உறுப்பினர்களின் தேர்தல் செலவுக்குப் பணம் திரட்டித் தர வேண்டும். பணம் பெற்றவர்கள் நாளை தலைமைத் தேர்தலில் நன்றி காட்டுவார்கள். கேன்டர் இதற்கென்றே ஒரு நிதிக்குழு வைத்திருந்தார். 'ஒவ்வொரு ரிபப்ளிகனும் முக்கியம்' என்ற பொருளில் அதற்கு வைத்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'எரிக்' என்று வரும். ஒரு தலைவர் வாரக் கடைசியில் நியூயார்க்கிலோ கலிஃபோர்னியாவிலோ நன்கொடை விருந்தில் இருக்கிறார் என்றால் அது ஊர்சுற்றல் அல்ல, அந்தப் பதவி கேட்கும் விலை. விலையைக் கொடுத்தவர்கள் தொகுதி மக்கள் என்பதுதான் சிக்கல்.

ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் இரண்டு மணி நேரம். அலாஸ்கா, ஹவாய் உறுப்பினர்கள் தூரத்தைக் காரணம் காட்டலாம், கேன்டரால் முடியாது. ஊருக்கு வந்தபோதும் பதவிக்குரிய பாதுகாப்புக் காவலர்கள் கறுப்பு வண்டிகளில் உடன் வந்தார்கள். கிட்டே நெருங்க முடியவில்லை, பார்த்தாலும் பேச முடியவில்லை என்று கட்சியின் உள்ளூர்த் தொண்டர்களே குறைபட்டார்கள். ஆபத்துள்ள பதவிக்குக் காவல் தேவைதான். ஆனால் மளிகைக்கடை வாசலில் நின்று உறுப்பினரோடு சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தொகுதி வேலைகள் நின்றுபோயின என்று பெரிதாக யாரும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் ஒரு தொகுதியில் முன்னாள் ராணுவ வீரரின் ஓய்வூதியம், முதியவரின் சமூகப் பாதுகாப்புத் தொகை, அவசரப் பாஸ்போர்ட் போன்றவற்றைக் கவனிப்பது உறுப்பினர் அல்ல, அவருடைய தொகுதி அலுவலக ஊழியர்கள். உறுப்பினர் மாதக்கணக்கில் வராவிட்டாலும் கோப்புகள் நகரும். வராத உறுப்பினரைப் பற்றிய கோபம் ஆகாத வேலையைப் பற்றியதாக இருப்பது குறைவு. நேரில் கேள்வி கேட்கவும், பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவும் கிடைக்காத வாய்ப்பைப் பற்றியதுதான் அது.

2014-இல் அந்தக் கேள்வி குடியேற்றத்தைப் பற்றியது. சட்டப்படி அனுமதியின்றி வந்தவர்களுக்குக் குடியுரிமை நோக்கி வழிதிறக்கும் மசோதா ஒன்றை செனட் 2013 ஜூனில் நிறைவேற்றியிருந்தது. பிரதிநிதிகள் அவை அதைத் தொடவில்லை. குழந்தைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரலாம் என்று கேன்டர் வாஷிங்டனில் பேசினார். தொகுதி வீடுகளுக்கு வந்த அவருடைய பிரசாரத் தபால்களோ, பொதுமன்னிப்புத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர் அவரே என்று முழங்கின. தலைநகரில் ஒரு பேச்சு, தொகுதியில் இன்னொரு பேச்சு. இரண்டையும் படித்தவர்களுக்கு அவர் எந்தப் பக்கம் என்பதே புரியவில்லை; அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எதிர்த்து நின்றவர் டேவ் பிராட். ஆஷ்லாண்ட் என்ற சிற்றூரில் உள்ள ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர். அவருடைய பிரசார மேலாளருக்கு வயது 23. கேன்டர் தரப்பு செலவிட்டது ஐம்பது லட்சம் டாலருக்கு மேல். பிராட் தரப்பு செலவு சுமார் இரண்டு லட்சம். கேன்டரின் பிரசாரக் கணக்கில் இறைச்சி உணவகங்களில் நடந்த நன்கொடை விருந்துகளுக்கு மட்டும் 1,68,637 டாலர் எழுதப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தின் சாப்பாட்டுச் செலவு மறுபக்கத்தின் மொத்தப் பிரசாரச் செலவை நெருங்கியது என்ற செய்தி, தேர்தல் முடிந்ததும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

பிராட்டைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால்கூட கேன்டர் தப்பியிருக்கலாம். மாறாக, பிராட் ஒரு 'லிபரல் பேராசிரியர்' என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார். கையில் காசில்லாத வேட்பாளருக்கு அந்த விளம்பரமே ஊரெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்தது. மே மாதம் தொகுதிக் கட்சி மாநாட்டில் கேன்டர் பேச எழுந்தபோது கூச்சல் கிளம்பியது. தொகுதிக் கட்சித் தலைவர் பதவிக்கு அவர் ஆதரித்தவர் அங்கேயே தோற்றார். இதற்கு மேல் வெளிப்படையான எச்சரிக்கை எந்த அரசியல்வாதிக்கும் கிடைக்காது.

தேர்தல் நாள் காலையில் கேன்டர் தொகுதியில் இல்லை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே ஒரு ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடையில், பெரிய நன்கொடையாளர்களையும் லாபி வேலை செய்பவர்களையும் மாதந்தோறும் சந்திக்கும் கூட்டத்தில் இருந்தார். பயப்படக் காரணம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய சொந்தக் கருத்துக்கணிப்பு அவர் 34 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தது. இரவு எண்ணி முடித்தபோது பிராட்டுக்கு 55.5 விழுக்காடு, கேன்டருக்கு 44.5.

தோல்விக்குப் பிறகு விளக்கங்கள் குவிந்தன. வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை; டெமாக்ரட் கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே வந்து கவிழ்த்துவிட்டார்கள் என்றார் கேன்டரின் கணிப்பாளர். ஆனால் ஹனோவர், நியூ கென்ட் போன்ற ரிபப்ளிகன் கோட்டைகளிலேயே பிராட் வாரிக்கொண்டு போயிருந்தார். குடியேற்றமே காரணம் என்றார்கள் சிலர். தொகுதி எல்லையை மறுவரையறை செய்தபோது கேன்டரை அறியாத பழமைவாத வாக்காளர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். என்றாலும் அந்தக் காலைக் காப்பிக் கூட்டம் சொல்வதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்வதில்லை: தன் ஊரில் தனக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரோடு பழகும் உறுப்பினருக்குக் கோபம் முன்கூட்டியே காதில் விழும். பழகாதவர் காசு கொடுத்துக் கணிப்பு வாங்குகிறார். கணிப்பு தவறினால் திருத்துவதற்கு அவரிடம் வேறு எதுவும் இருப்பதில்லை.

குற்றச்சாட்டு புதிதல்ல, அதற்கான பதிலும் புதிதல்ல. 1774-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் எட்மண்ட் பர்க்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. உறுப்பினர் தன் சொந்த நிதானத்தின்படி நாடு முழுமைக்கும் எது நல்லதோ அதைச் செய்ய வேண்டும், தொகுதியின் கட்டளையைச் சுமக்கும் தூதுவராக இருக்கக் கூடாது என்று அவர் அப்போது ஆற்றிய உரை இன்றும் அரசியல் வகுப்புகளில் பாடம். அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர் பிரிஸ்டலை எட்டிப் பார்த்ததே அபூர்வம். அயர்லாந்து வணிகத்துக்கும் கத்தோலிக்கருக்கும் ஆதரவாக அவர் நின்றதும் நகரத்து வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1780-இல் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்ன அவர் முதலில் எடுத்துக்கொண்டது, தொகுதிக்கு வரவில்லை என்பதைத்தான். பதில் அபாரமாக இருந்தது, வாக்கு கிடைக்கவில்லை. போட்டியிலிருந்து விலகி, புரவலர் ஒருவரின் கைக்குள் இருந்த மால்ட்டன் தொகுதி வழியாகத்தான் அவையில் நீடித்தார். கத்தோலிக்கர் விஷயத்தில் பர்க் சொன்னது சரி என்பதைக் காலம் காட்டியது. அதாவது வராத உறுப்பினர் எல்லோரும் தவறானவர் அல்லர்.

இந்தியானா மாநிலத்தின் செனட்டர் ரிச்சர்ட் லூகர் இதே வகையினர். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அங்கு சிதறிக் கிடந்த அணு ஆயுதங்களை அழிக்கும் திட்டத்தை சக செனட்டர் சாம் நன்னுடன் சேர்ந்து உருவாக்கியவர். உலகத்துக்கே நன்மை செய்தவர் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர் கொடுத்திருந்த முகவரி, 1977-இலேயே அவர் விற்றுவிட்ட வீடு. 2012-இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது, எதிராளியின் கையில் அது பெரிய ஆயுதமானது. 36 ஆண்டுப் பதவி அந்த ஆண்டு முன்தேர்தலோடு முடிந்தது. நியூயார்க்கில் ஜோ கிரௌலி 2018-இல் தோற்றதும் இதன் சாயல்தான். பிரதிநிதிகள் அவையில் டெமாக்ரட் கட்சியின் நான்காவது பெரிய தலைவரான அவர், தொகுதி விவாதமேடை ஒன்றுக்குத் தான் போகாமல் பதிலாள் அனுப்பினார். எதிரே உட்கார்ந்திருந்தவர், பின்னர் அவரை வென்ற 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வராமல் இருப்பது எப்போதும் தோல்வியில் முடிவதில்லை. கான்சஸ் செனட்டர் பேட் ராபர்ட்ஸுக்கு 2014-இல் அந்த மாநிலத்தில் தான் வசிக்கும் சொந்த வீடே இல்லை. ஆதரவாளர் வீட்டில் தனக்கு ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது என்று அவர் வேடிக்கையாகப் பேசியது பெரிய கேலியானது, ஆனாலும் ஜெயித்தார். காரணம், கொள்கையில் அவருக்கும் மாநிலத்துக்கும் இடைவெளி இல்லை.

சொந்த ஊரை மறந்துவிட்டார் என்ற இந்தக் குற்றச்சாட்டைச் சொல்லி ஜெயித்தவர்களின் பிற்காலத்தையும் பார்க்க வேண்டும். 1994-இல் சபாநாயகர் டாம் ஃபோலி, பதவிக்காலத்துக்கு வரம்பு கேட்டு வாக்களித்த தன் சொந்த மாநில மக்களின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போனார். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் பகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1862-க்குப் பிறகு பதவியில் இருந்த சபாநாயகர் ஒருவர் தோற்றது அதுவே முதல்முறை. அவரை வென்ற ஜார்ஜ் நெதர்கட் மூன்று தவணைக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். 2000-இல் நான்காவது முறையும் நின்றார், ஜெயித்தார்.

கேன்டர் மறுநாளே தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஆகஸ்டில் உறுப்பினர் பதவியையும் விட்டார். நவம்பர் வரை தொகுதிக்கு அவையில் ஆள் இல்லை. செப்டம்பரில் மோயலிஸ் என்ற முதலீட்டு வங்கியில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். 2015 முடிவு வரைக்கும் பேசப்பட்ட ஊதியமும் பங்குகளும் சேர்ந்து சுமார் 34 லட்சம் டாலர். நவம்பரில் பிராட் பதவியேற்றார். 2017 தொடக்கத்தில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொகுதிப் பெண்கள் திரண்டபோது, போகுமிடமெல்லாம் இந்தப் பெண்கள் தன்னை விடுவதில்லை என்று ஒரு கூட்டத்தில் சலித்துக்கொண்டார். பேச்சு பதிவாகிப் பரவியது. திறந்த கூட்டங்களுக்கு வரத் தயங்குகிறார் என்று இந்த முறை குற்றம் சாட்டப்பட்டவர் பிராட். 2018 நவம்பரில் டெமாக்ரட் கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கரிடம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர் தொகுதியை இழந்தார்.