தேகப்பயிற்சியும் தொற்றுநோயும்

நம்மவரிடையே இருவகைக் கூற்று வழங்குகின்றது. நாள்தோறும் நடப்பவனை நோய் அண்டாது என்பது ஒன்று. காய்ச்சல் வந்தால் நன்கு வேர்க்கும்படி உழைத்துவிட வேண்டும், வேர்வையோடு காய்ச்சலும் போய்விடும் என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னது பாதி உண்மை; பின்னது உயிருக்கே ஊறு விளைக்கவல்லது. இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவான்மியூருக்குத் தெற்கே கடலையொட்டி அமைந்துள்ளது கொட்டிவாக்கம். மீனவர் குப்பத்தோடு கூடிய இவ்வூர் 2011-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பெற்றது. வைகறையில் அதன் மணற்பரப்பிற் படகைக் கரையேற்றும் மீனவரையும் உடல்நலங் கருதி நடப்போரையும் ஒருங்கே காணலாம். முன்னவர் செய்வதைத் தொழில் என்கின்றோம். பின்னவர் செய்வதைத் தேகப்பயிற்சி என்கின்றோம். குருதியில் ஓடும் அணுக்களோ இப்பெயர் வேற்றுமையை அறியா. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச்சு மாதத்தில் அடைக்கப்பெற்ற சென்னைக் கடற்கரைகள் டிசம்பர் 14-ஆம் நாள் வரையில் மக்களுக்குத் திறக்கப்படவில்லை. கூட்டத்தைத் தவிர்க்க அது வேண்டியிருந்தது. ஆயினும், நடைப்பழக்கம் உடையோர் பலர் அந்நாளில் மொட்டைமாடியில் வட்டமிட்டது வீண்முயற்சியன்று என்பதைப் பின்வந்த ஆராய்ச்சி காட்டிற்று.

விரைந்து நடக்குங்கால் உடலினுள் நிகழ்வது யாது? இதயம் விரைந்து துடிக்கின்றது. அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுகின்றது. அதனால், குருதிக்குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் தங்கியிருந்த வெள்ளணுக்கள் பெயர்ந்து குருதியோட்டத்திற் கலக்கின்றன. வைரஸ் புகுந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்லும் கொலையணுக்கள் இவற்றுட் பெருகித் தோன்றும். அவற்றின் எண்ணிக்கை சில நிமிடங்களிற் பன்மடங்காதலும் உண்டு. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் இத்தொகை முன்னிருந்ததினும் கீழே இறங்கிவிடும். இதனைக் கண்ட ஆராய்ச்சியாளர், கடும்பயிற்சி காவலைக் குலைக்கின்றது என்று நெடுநாள் கருதினர். 1987-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மாரத்தான் ஓட்டத்தில் ஓடியோருள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் அடுத்த வாரத்தே சளி முதலியவற்றால் வருந்தினர் என்றும், பயிற்சி பெற்றும் அன்று ஓடாதாருள் இருவர் அளவினரே வருந்தினர் என்றும் டேவிட் நீமன் என்பார் கண்டு எழுதியது அக்கருத்துக்கு வலுவூட்டிற்று.

2018-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் என்னும் இருவர் இதனை மறுத்தெழுதினர். குருதியிற் குறைந்த அணுக்கள் மாண்டொழியவில்லை. நுரையீரல், குடல் முதலிய இடங்களுக்குக் காவல் சென்றுள்ளன என்பது அவர் கொள்கை. இரவுக் காவலர் நிலையத்தில் இல்லையெனின், அவர் ஊரைச் சுற்றச் சென்றார் என்று கொள்ளாது இறந்தார் என்று கொள்வார் உண்டோ? ஓட்டக்காரர் நோயுற்றமைக்குத் திரண்ட கூட்டம், வழிப்பயணம், உறக்கக்குறைவு ஆகியனவும் காரணமாகலாம் என்றனர். எனக்கு இவர்தம் வாதமே பொருத்தமாகப் படுகின்றது. எனினும் வழக்கு இன்னும் முற்றும் தீரவில்லை.

மிதமான பயிற்சியைப் பற்றி இத்தகைய பூசல் இல்லை. தென் கலிபோர்னியாவிற் கொரோனா கண்ட 48,440 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு, வாரத்திற்கு 150 நிமிடம் நடந்து பழகியோரை நோக்க, அசையாதிருந்தோர்க்கு மருத்துவமனை சேரும் வாய்ப்பு இருமடங்கிற்கு மேலும், இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கும் ஆயிற்று என்கின்றது. இதிற் கருதத்தக்கது யாதெனில், இரு சாராரும் நோய்வாய்ப்பட்டவரே. நடந்தவரையும் நோய் அண்டிற்று. வீழ்த்துதல் மட்டும் அரிதாயிற்று. நடையால் நீரிழிவும் உடற்பருமனும் தணிதலும், ஓயாது கனன்றுகொண்டிருக்கும் உள்ளழற்சி அடங்குதலும் இதற்குக் காரணங்களாம். தடுப்பூசிக்கு நடை மாற்றாகாது, துணையாகும். தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி பெற்ற மருத்துவப் பணியாளருள் மிகுதியாக உழைத்தோர்க்கு அவ்வூசி மேலும் நன்கு காப்பளித்ததாக 2022-இல் அறியப்பட்டது.

இனி, காய்ச்சலோடு உழைத்தலைப் பார்ப்போம். நம் நாட்டிலிருந்து 2014-இல் ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பெற்ற இளம்பிள்ளை வாதமே இதற்குத் தக்க சான்று. ஆக்ஸ்போர்டு மருத்துவர் ரிச்சி ரஸ்ஸல் 1940-களின் பிற்பகுதியில் அந்நோயாளர் பலரை ஆராய்ந்தார். காய்ச்சலும் கழுத்துவலியும் தோன்றியதும் படுக்கையில் ஓய்ந்தோர்க்கு முடக்கம் குறைவாகவும், அதனைப் பொருட்படுத்தாது விளையாட்டிலும் உழைப்பிலும் ஈடுபட்டோர்க்குக் கொடிதாகவும் இருந்ததை அவர் கண்டார். ஓய்வு கொள்ளாது உழைத்தோரே கொடிய முடக்கத்திற்கு உள்ளாயினர் என்பது எத்துணை இரங்கத்தக்கது! 1970-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நிகழ்த்திய சோதனையும் இதையே கூறுகின்றது. காக்ஸாக்கி என்னும் வைரஸ் ஏற்றப்பெற்ற எலிகளை நீந்தச் செய்தபோது, அவற்றின் இதயத்தில் அவ்வைரஸ் ஐந்நூறு மடங்கிற்கும் மேலாகப் பெருகிற்று, பல இறந்தன.

வேர்வை காய்ச்சலை நீக்குவதன்று. காய்ச்சல் தணியுங்கால் வேர்வை தோன்றுகின்றது. விளைவைக் காரணமாகக் கொண்டதால் வந்த மயக்கம் இது. பந்தயம் நெருங்கும் நாளிற் காய்ச்சலை மறைத்து மைதானத்தில் இறங்கும் வழக்கம் மாணவரிடையே உண்டு. தோழரைக் கைவிடக் கூடாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணமாதலால், அதனைத் தடுப்பது கடினம். ஆட்டக் குழுவின் தலைவரே காய்ச்சல் கண்டவரை அனுப்பிவிடல் நன்று. நலமடைந்த பின்னரும் உடனே ஓடலாகாது. முதலிற் சமதரையில் மெல்ல நடந்து, களைப்பு மிகாமை கண்டு, நாளடைவிற் சிறிது சிறிதாகக் கூட்டிவரல் வேண்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, வழக்கத்தினும் மூச்சு வாங்கினாலோ, பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண்க.